சிற்பியின் கையை உடைத்தார்களா?

வணக்கம் நேயர்களே. ஜெர்மனியில் மயின் ஆற்றங்கரையில் வூர்ஸ்பர்க் என்று ஓர் ஊர். ஐந்நூறு வருடங்களுக்கு முன் அங்கே டில்மன் ரீமன்ஷ்னைடர் என்ற சிற்பி இருந்தார். அவர் வாழ்க்கை நமக்குத் தெரிவது பெரும்பாலும் கணக்கு எழுதியவர்கள் புண்ணியத்தில்தான். கல்யாணம், காசு, வம்பு இந்த மூன்றில் ஒன்று வந்துவிட்டால் மனிதர் ஏட்டில் ஏறிவிடுவார்.

1483 டிசம்பரில் ஓவியர், சிற்பிகள் சங்கத்தில் கூலித் தொழிலாளியாகச் சேர்கிறார். 1485-இல் பொற்கொல்லர் ஒருவரின் விதவை அன்னாவை மணக்கிறார். அந்த வருடமே ஊர்க் குடியுரிமை, சொந்தப் பட்டறை. காதலா, கணக்கா? அதை ஏடு சொல்லாது. அப்புறம் 1504-இல் நகரமன்ற உறுப்பினர், 1520-இல் மேயர்.

சரி, நான் எங்கே போனாலும் பேசுகிற விஷயத்துக்கு வருகிறேன். 1525-இல் விவசாயிகள் கிளர்ச்சி. ஊரை ஆண்டவர் ஓர் ஆயர், அதாவது கிறிஸ்தவ பிஷப். நகரமன்றம் அவருக்குத் துணை நிற்கவில்லை. கிளர்ச்சி தோற்றதும், மலைமேல் இருக்கிற மரியன்பர்க் கோட்டையில் ரீமன்ஷ்னைடரை அடைத்தார்கள். அறுபதைத் தாண்டிய மனிதரைச் சித்திரவதை செய்தார்கள். இதை எழுதி வைத்தவர் அதே ஊரின் எழுத்தர். சுமார் இரண்டு மாதம் கழித்து விடுதலை. பதவி போயிற்று, சொத்தில் ஒரு பகுதியும் போயிற்று.

இதுவரைக்கும் ஆதாரம் உண்டு. ஆனால் ஊர் சொல்லும் கதை வேறு: அவர் கைகளை உடைத்துவிட்டார்கள், அதனால்தான் மறுபடி உளியைத் தொடவில்லை என்று. கேட்கும்போது நெஞ்சு பதறும், எனக்கும் பதறும். ஆனால் எந்த ஏட்டில் இருக்கிறது? அந்தக் காலத்து ஏடு எதிலும் இல்லை. மாறாக, 1527-இல் பக்கத்து ஊரான கிட்சிங்கனில், கன்னியர் மடத்தின் வழிபாட்டுப் பீடத்தைப் பழுதுபார்த்ததற்கு அவர் பெயரில் கணக்கு இருக்கிறது. பட்டறை ஆட்களே செய்திருக்கலாம் என்பீர்கள். இருக்கலாம்தான். ஆனாலும் சித்திரவதை என்பதற்கு ஏடு இருக்கிறது, உடைந்த கைக்கு இல்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். செய்த கொடுமையே போதாதா, நாம் வேறு கூட்ட வேண்டுமா?

1531-இல் இறந்தார். பிறகு ஏறக்குறைய மறந்தேபோனார்கள். 1822-இல் பேராலயத்தை ஒட்டிய நிலத்தைத் தோண்டியபோது அவர் கல்லறைக் கல் கிடைத்தது. அதன் பிறகுதான் பழைய ஏடுகளை எடுத்துத் தூசு தட்டினார்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைகை. ரோதன்பர்க் என்ற ஊரின் தேவாலயத்துக்கு இவர் செதுக்கிய பீடத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: இயேசுவின் கடைசி இராவுணவைச் செதுக்கிய இவருக்குப் பேசிய கூலி 60 கில்டர் என்ற அந்தக் காலத்துக் காசு; அதைச் சுற்றிய மரச்சட்டத்தைச் செய்த தச்சருக்கு 50. அந்தப் பக்கம் போனால் புனித யாக்கோபு தேவாலயத்தில் மாடி ஏறிப் பாருங்கள். நடுவில் நிற்பவர் இயேசு அல்ல, அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ். வணக்கம்.