விண்ணப்பத்தில் இரண்டு வரி மாறட்டும்

(கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில், மாற்றுத்திறனாளி நர்சிங் மாணவர்களுக்கான நினைவு உதவித்தொகைத் தொடக்க விழாவில் பேசியது)

பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

யார் நினைவாக இந்த உதவித்தொகை தொடங்குகிறதோ, அந்த சிஸ்டரைப் பற்றி அவருடைய மக்கள் சொல்லிவிட்டார்கள். போலியோ தாக்கிய காலோடு இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க நடந்தவர். வேலந்தாவளம் தொடங்கி கோவிந்தாபுரம் வரை அவர் கையால் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகள் இன்று இந்தக் கூட்டத்திலேயே பெற்றோராக உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் பேச வந்தது விண்ணப்பப் படிவத்தைப் பற்றி. நேற்று வாசித்தேன். இரண்டு நிபந்தனைகள் மனதை உறுத்தின. காலில் 40 முதல் 50 சதவீதம் ஊனம் என்ற சான்றிதழ் வேண்டும் என்கிறது ஒன்று. வருகைப்பதிவு குறைந்தால் தொகை நின்றுவிடும் என்கிறது மற்றொன்று.

முதலாவது, பி.எஸ்சி. நர்சிங்கில் மாற்றுத்திறனாளிகளுக்கான 5 சதவீத இடங்களுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் அளவுகோல். குழுவினர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோயும் அதில் ஒன்று. அது என்ன செய்யும் என்று நம் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி ஆதிவாசிக் குடும்பங்களைக் கேட்டால் தெரியும். அந்த நோயுள்ள ஒரு பெண் அங்கிருந்து மார்க் வாங்கி, வேறு ஒதுக்கீட்டில் நர்சிங் சேர்ந்து படிக்கிறாள் என்று வையுங்கள். நம் படிவம் அவளைத் திருப்பி அனுப்பிவிடும். சீட்டுக்குப் போட்ட விதியை உதவிக்கும் போட வேண்டும் என்று நம்மை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே!

அதே பெண் அந்த நோயால் உடம்பெல்லாம் வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று வையுங்கள். பரீட்சை எழுத 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் கையில் வர, வார்டு பயிற்சியை 100 சதவீதமும் முடித்தாக வேண்டும். விட்ட நாட்களை ஈடுகட்ட, கூடப் படித்தவர்கள் ஊருக்குப் போன பிறகும் அவள் ஹாஸ்டலில் இருக்க வேண்டும். மெஸ் பில் ஓடும். பணம் மிக அதிகமாகத் தேவைப்படும் அந்த மாதங்களிலா நாம் கையை விரிப்பது?

கொச்சிப் பக்கம் செறாயில் பிறந்து வேலூரில் மருத்துவம் பார்த்த டாக்டர் மேரி வர்கீஸை இங்கே நினைக்கிறேன். 1954-இல் சாலை விபத்து. முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு காலும் செயலிழந்தன. சதவீதம் எண்ணியிருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அங்கே அறுவை நிபுணராக இருந்த டாக்டர் பால் பிராண்ட் பார்த்தது வேறு: உட்கார்ந்தபடி செய்யக்கூடிய அறுவை எது? தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவையை, மேரி சக்கர நாற்காலியில் இருந்தே செய்தார். பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறையையே வேலூரில் கட்டி எழுப்பினார். 1972-இல் பத்மஸ்ரீ வந்தது. விபத்துக்குப் பிறகு செய்த வேலைக்கு வந்த விருது அது.

2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. நமக்குப் பக்கத்துப் பொள்ளாச்சியைச் சேர்ந்த நீதிபதி கே.வி. விசுவநாதன் எழுதிய தீர்ப்பு. ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்பதற்காக மட்டும் ஒருவரை எம்.பி.பி.எஸ். படிப்பிலிருந்து விலக்கக் கூடாது. படிக்க முடியுமா என்பதை மருத்துவக் குழு ஆராய வேண்டும். அது டாக்டர் படிப்புக்கான வழக்குதான். நர்சிங்குக்கும் அந்த நியாயம் பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே 21 வகையும் உள்ளே வரட்டும். படிப்பின் நடுவே அடிபட்டவரும் வரட்டும். வருகை குறைந்தால் காரணம் கேளுங்கள்; பயிற்சி முடியும் வரை தொகை போகட்டும். காலைத் தாங்கும் கேலிப்பர் ஷூ தேய்ந்தால் மாற்ற, தரைத்தள அறைக்குக் கூடுதல் வாடகை கொடுக்க, அந்தப் பணம் உதவட்டும். இங்கே பிறந்து கோயம்புத்தூரில் படிக்கும் பிள்ளையை மாநில எல்லையைக் காட்டி விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, மேடையில் காசோலை நீட்டிப் படம் எடுக்க வேண்டாம். வங்கிக் கணக்கில் போடுங்கள்.

படிவம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று செயலாளர் சொன்னார். கூட்டம் முடிந்ததும் குழு உட்காருவதானால் நானும் இருக்கிறேன்.