உறைபனி விழுந்துவிட்டது, தண்ணீரை இன்னும் நிறுத்தவில்லை

வணக்கம். இன்று கேமராவை வழக்கத்தைவிடத் தாழ்வாகப் பிடித்திருக்கிறேன். என் முகம் தெரியாவிட்டால் பரவாயில்லை, புல் தெரிந்தால் போதும். பாருங்கள், உப்பைத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கிறது. இந்த இலையுதிர் காலத்தின் முதல் உறைபனி. நான் கல் பாதையில் நின்றுதான் பேசுகிறேன், புல்லில் கால் வைக்கமாட்டேன். உறைந்த இலையை மிதித்தால் அதன் செல்கள் உள்ளுக்குள் நொறுங்கிவிடும். பிறகு நடந்த தடம் அப்படியே பழுப்பாகத் தெரியும். போன ஆண்டு உற்சாகத்தில் குறுக்கே நடந்து காட்டினேன். என் காலடிகளை நானே பல நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்த வெண்மையைப் பார்த்ததும் நம்மில் பலர் சொல்வது: "குளிர் வந்துவிட்டது, இனி எதற்குத் தண்ணீர்?" குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விடுவோம். நானும் அந்தக் கட்சியில் பல ஆண்டுகள் இருந்தவன். குழாயை மூட வேண்டிய நாள் வேறு, புல்லுக்குத் தண்ணீரை நிறுத்த வேண்டிய நாள் வேறு என்பது எனக்கு உறைக்க இரண்டு நஷ்டங்கள் தேவைப்பட்டன. இரண்டையும் சொல்கிறேன். அதற்குள் வெயில் ஏறி இந்தப் பனியும் உருகிவிடும்.

உறைபனி எப்படிப் படிகிறது என்று பாருங்கள். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். புல்நுனி தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடச் சீக்கிரம் குளிர்ந்துபோகும். ஆள் உயரத்தில் மாட்டிய வெப்பமானி 2, 3 டிகிரி காட்டும்போதே கீழே புல் வெளுத்திருப்பது இதனால்தான். மண்ணோ மிகவும் நிதானமான ஆள். கோடை முழுவதும் வாங்கி வைத்த சூட்டை ஒரே இரவில் கொடுத்துவிடாது.

வெயில் வந்துவிட்டது, இலைகள் ஈரமாக மினுமினுக்கின்றன, இனி இறங்கலாம். கையில் இருப்பது சமையலறையிலிருந்து எடுத்துவந்த கம்பி வெப்பமானி. இனி இது சமையலறைக்குத் திரும்பாது என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செருகுகிறேன். கொஞ்சம் பொறுங்கள். 9 டிகிரி. விடியற்காலையில் வெளியே காற்று சுழியத்துக்கும் கீழே ஒரு டிகிரி இருந்தது. பத்து டிகிரி வித்தியாசம்!

என் தரையில் இருப்பது குளிர்ப் பருவப் புல்வகைகளின் கலவை: கென்டக்கி புளூகிராஸ், ஃபெஸ்கியூ, கொஞ்சம் ரைகிராஸ். இவற்றின் வேர்கள் செழிப்பாக வளர்வது மண் 10 முதல் 18 டிகிரி வரை இருக்கும்போது. கோடையில் மண் கொதித்தபோது சுருங்கிப்போன வேர்கள், விட்ட இடத்திலிருந்து மறுபடி இறங்குவது இந்த மாதங்களில்தான். 9 டிகிரியிலும் நின்றுவிடாது, மெதுவாகும். மேலே இலை வளர்ச்சி அடங்கிவிட்டது, புல்வெட்டும் இயந்திரத்தைத் துடைத்து வைத்துவிட்டோம். ஆனால் மண்ணுக்குள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது, அந்த வேலைக்கு ஈரம் வேண்டும்.

இப்போது முதல் நஷ்டக் கதை. அந்த ஆண்டு முதல் உறைபனி அன்றே நிறுத்திவிட்டேன். மண் உறைவதற்கு அதற்குப் பிறகும் ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரமும் மழை என்று சொல்லத்தக்க மழை இல்லை. தரை பச்சையாகவே இருந்ததால் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. குளிரில் புல் வாடுவதைக் கண் அவ்வளவு எளிதில் பிடிக்காது. அப்புறம் குளிர்காலம் வந்தது. வானத்திலிருந்து கொட்டும் வெண்பனி குறைவு, காற்று அதிகம். வசந்தத்தில் பார்த்தால், வெயில் படும் சரிவும் சுவரை ஒட்டிய ஒரு பட்டையும் வைக்கோலாகிவிட்டிருந்தன. பூச்சியோ, நோயோ என்று ஊரெல்லாம் காரணம் தேடினேன். கடைசியில் அது வெறும் தாகம்.

இது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். குளிர்காலத்திலும் வெயிலும் காற்றும் இலையிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். மண் உறைந்துபோனால் வேரால் ஈடுகட்ட முடியாது, தண்ணீர் பனிக்கட்டியாகப் பூட்டிக் கிடக்கிறது. இலை காய்ந்தால் கவலையில்லை, அது திரும்பத் தளிர்க்கும். தண்டும் வேரும் சந்திக்கிற அந்த அடிக்குருத்து காய்ந்துவிட்டால் அவ்வளவுதான். இதோ, ஒரு தூரை விலக்கிக் காட்டுகிறேன். மண்ணோடு ஒட்டினாற்போல் வெள்ளையாகத் தெரிகிறதே, இதுதான். ஆகவே மண் உறைவதற்கு முன் ஈரத்தோடு இருக்கவேண்டும். ஈரமான மண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு, அது மெதுவாகக் குளிரும். காய்ந்த மண் அதைவிடச் சீக்கிரம் சூட்டை இழந்து நிற்கும்.

அப்படியானால் கோடையில் ஊற்றியதுபோல் ஊற்றிக்கொண்டே இருக்கலாமா என்று கேட்டால், கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். தானியங்கித் தெளிப்பானுக்குக் கோடையில் வைத்த நேரக் கணக்கு இலையுதிர் காலத்திலும் ஓடிக்கொண்டே இருக்கும், நமக்கு அதன் நினைவே இருக்காது. கோடையில் வாரத்துக்கு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் என்று கொடுத்திருப்போம். பகல் சுருங்கி, வெயில் சாய்ந்துவிட்ட பிறகு அதில் பாதி போதும், பல வாரங்களில் பாதிகூட வேண்டாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் தரைக்கு 25 மில்லிமீட்டர் என்றால் 2,500 லிட்டர். புல் கேட்காத வாரத்தில் அத்தனையையும் கொட்டுகிறோம் என்று கணக்குப் போட்ட அன்று எனக்கே வெட்கமாக இருந்தது.

எவ்வளவு விழுகிறது என்று தெரியாதவர்கள், நேரான சுவருள்ள நாலைந்து காலி டின்களைத் தரையில் பரப்பிவைத்துத் தெளிப்பானைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அளவுகோலால் அளந்து பாருங்கள். ஒரு டின்னில் 3 மில்லிமீட்டர், இன்னொன்றில் 8 இருக்கும். தெளிப்பான் எவ்வளவு ஓரவஞ்சனை செய்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

அதிகமாக ஊற்றினால் வீணாவது தண்ணீர் மட்டுமாக இருந்தால் இவ்வளவு பேசமாட்டேன். குளிர் ஏற ஏறப் புல் தன்னைத் தயார் செய்துகொள்கிறது. குருத்தில் இருக்கும் நீரைக் குறைத்து, சர்க்கரையைச் சேர்த்து வைக்கிறது. உறைநிலையைத் தாங்கும் வலு அதற்கு அப்படித்தான் வருகிறது. நாம் சதசதவென்று ஊறவைத்தால் அந்தத் தயாரிப்பு கெடுகிறது. பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் குருத்தின் மேலேயே பனிக்கட்டியாகி அமர்ந்துவிடும். வெண்பனிக்கு அடியில் வளரும் பனிப்பூஞ்சைக்கும் ஈரத் தரைதான் விருந்து. அதில் இளஞ்சிவப்பு வகைக்கு வெண்பனிகூடத் தேவையில்லை, குளிரும் ஈரமும் இருந்தால் போதும். அதனால் மாலையில் ஊற்றாதீர்கள். இந்தப் பருவத்தில் இரவு நீளம், பனித்துளி வேறு. நான் முற்பகலில், காற்று 5 டிகிரியைத் தாண்டிய பிறகு தொடங்கி, இருட்டுவதற்குள் இலை உலரும்படி முடித்துவிடுகிறேன்.

இனி என் ஆயுதம். சாதாரணத் திருப்புளி, கம்பி நீளம் 15 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஈரம் அளக்கும் கருவிகள் இரண்டு வாங்கி, இரண்டும் இரண்டு விதமாகப் பேசியதால் ஓரமாக வைத்துவிட்டேன். திருப்புளி பொய் சொல்வதில்லை. ஈரமண்ணில் கைப்பலத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கும், காய்ந்த மண்ணில் முரண்டுபிடித்து நிற்கும். நடுத்தரையில் குத்துகிறேன். கைப்பிடிவரை இறங்கிவிட்டது. வெளியே எடுத்தால் கம்பியில் மண் ஒட்டியிருக்கிறது. இங்கே ஒரு சொட்டுகூட வேண்டாம். போன வார மழையின் புண்ணியம்.

ஆனால் இங்கேயே நிறுத்திவிட்டால் ஏமாந்துபோவோம். மரத்தடிக்கு வாருங்கள். ஐந்து சென்டிமீட்டரில் நின்றுவிட்டது. மழை பெய்தது உண்மை, பெய்ததில் பாதியை மேலே கிளையும் கீழே உதிர்ந்து கிடக்கும் இலைக் குவியலும் வாங்கிக்கொண்டுவிட்டன. மீதியை மரத்தின் வேர் குடித்திருக்கும். சரிவில் பார்க்கலாம். ஏழு, எட்டு. இங்கே மழை நின்று இறங்காமல் ஓடிப்போயிருக்கிறது. ஒரே தரை, மூன்று பதில்கள். "புல்தரைக்கு எப்போது நிறுத்துவது" என்று ஒருமையில் கேட்பதே தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. நடுத்தரைக்கு இப்போதைக்கு வேண்டாம். இந்த இரண்டு இடங்களுக்கு இன்றே வேண்டும். மணற்பாங்கான மண் உள்ளவர்கள் என்னைவிட அதிகநாள் கவனிக்கவேண்டும், ஈரம் அதில் தங்காது. களிமண்காரர்கள் நன்றாக ஒருமுறை நனைத்துவிட்டுப் பல நாள் சும்மா இருக்கலாம்.

வெப்பப் பருவப் புல் போட்டிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். பெர்முடா புல் என்று உலகம் அழைப்பது நம்முடைய அருகம்புல்லைத்தான். "அருகுபோல் வேரூன்றி" என்று வாழ்த்தும் அளவுக்கு வேரில் பெயர் பெற்ற புல். ஆனால் மண் ஏறத்தாழ 10 டிகிரிக்கு இறங்கியதும் நிறம் மாறி உறங்கிவிடும். உறங்குகிற புல்லைப் பச்சையாக்கத் தண்ணீர் ஊற்றுவது வீண். மழையில்லாத நீண்ட இடைவெளியில் அடிக்குருத்து காயாதபடி எப்போதாவது நனைத்தால் போதும்.

இந்தப் பருவத்தில் விதை தூவியவர்களுக்கும் விதிவிலக்கு. ரைகிராஸ் ஒரு வாரத்தில் முளைக்கும், புளூகிராஸுக்கு இரண்டு மூன்று வாரமும் அதற்கு மேலும் ஆகும். முளைத்த நாற்றின் வேர் விரல்நகம் அளவு. திருப்புளி 15 சென்டிமீட்டர் இறங்குகிறது என்பது அதற்கு ஓர் ஆறுதலும் இல்லை. மேல்மண் காய்ந்தால் காய்ந்ததுதான். அங்கே சிறுகச் சிறுக ஊற்றுங்கள்.

சரி, முற்றிலும் நிறுத்துவது எப்போது? மண்ணின் வெப்பம் 4, 5 டிகிரிக்கு இறங்கி அங்கேயே நாலைந்து நாள் தங்கினால் நான் நிறுத்திவிடுவேன். அந்தக் குளிரில் வேர் உறிஞ்சுவது மிகக் குறைவு. உறைந்த தரையில் ஊற்றவே கூடாது, தண்ணீர் இறங்க வழியில்லாமல் மேலேயே கண்ணாடிபோல் உறையும். நாள்காட்டியைப் பார்த்துத் தேதி சொல்லும்படி கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. வடக்கே செப்டம்பரிலும் தெற்கே மார்ச்சிலும் இலையுதிர் காலம் தொடங்குகிற உலகம் இது. ஒரே வீட்டில் நிழல் பக்கத்துக்கும் வெயில் பக்கத்துக்குமே இரண்டு வாரம் வித்தியாசம் வருகிறது.

இப்போது குழாய். இரண்டாவது நஷ்டம் இது, முதலாவதைவிடக் கனமானது. முதல் ஆண்டு சீக்கிரம் நிறுத்திச் சூடுபட்டதால், மறு ஆண்டு வீராப்பாகக் கடைசிவரை ஊற்றினேன். குழாயின் வாயில் ரப்பர் ஹோஸ் மாட்டியே கிடந்தது. உறையாத வகைக் குழாய் என்று சொல்லி விற்பார்களே, அந்த வகைதான் என்னுடையது, அந்தத் தைரியம். அதில் வெளியே பிடியைத் திருகினாலும் தண்ணீரை அடைக்கும் இடம் சுவருக்குள், கதகதப்பான பக்கத்தில் இருக்கும். அடைத்த பிறகு முன்பகுதியில் மிஞ்சிய தண்ணீர் தானே வெளியே வடிந்துவிடவேண்டும். ஹோஸ் மாட்டியிருந்தால் அது எங்கே வடியும்? உள்ளேயே நின்றது, உறைந்தது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும், குழாய் அதற்கு இடம் கொடுக்காது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. வசந்தத்தில் குழாயைத் திறந்தேன், வெளியே வரவேண்டிய தண்ணீர் சுவருக்குள் வந்தது.

மண்ணுக்குள் புதைத்த தெளிப்பான் குழாய் உள்ளவர்கள் இன்னும் முந்திக்கொள்ளவேண்டும். தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வால்வுப் பகுதிதான் முதலில் அடிவாங்கும், அதைச் சுற்றி நாலு பக்கமும் குளிர்க்காற்று. கடும் உறைபனி அறிவிப்பு வந்தால், மண் எவ்வளவு சூடாக இருந்தாலும் அந்த அமைப்பை அடைத்து, குழாய்களில் மிஞ்சியதைக் காற்றழுத்தத்தால் வெளியேற்றிவிடுவது நல்லது. அழுத்தம் மிஞ்சினால் குழாயே வெடிக்கும், பறக்கும் துண்டு கண்ணைப் பறித்துவிடும். பழக்கமில்லையென்றால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். நான் கூப்பிட்டுவிடுகிறேன், இதில் எனக்குச் சுயமரியாதை கிடையாது.

அதன் பிறகும் தரையில் எங்காவது காய்ந்தால்? பூவாளி இருக்கிறது. அல்லது வெதுவெதுப்பான ஒரு நாளில் ஹோஸை மாட்டி, ஊற்றி, கழற்றி, வடித்து, சுருட்டி, உள்ளே கொண்டுபோய் வைப்பது. சலிப்பான வேலைதான், மறுக்கவில்லை.

இன்று இரவு சுழியத்துக்குக் கீழே 4 என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே மரத்தடி இலையை இப்போதே வாரிவிட்டு, அங்கேயும் சரிவிலும் மட்டும் 10 மில்லிமீட்டர் விடப்போகிறேன். சரிவில் இரண்டு தவணையாக, இல்லையென்றால் ஓடிவிடும். என் டின் கணக்குப்படி மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் முடியவேண்டும். பிறகு ஹோஸ் கழன்றுவிடும். வரும் சனிக்கிழமை திருப்புளியோடு வருகிறேன், வெப்பமானி 9-லிருந்து எங்கே இறங்கியிருக்கிறது என்றும் பார்த்துவிடலாம். கேமராவை வைக்கிறேன், இலை வாரும்போது இரண்டு கையும் வேண்டும்.