வாசலில் திருடன், வீட்டுக்குள் துப்பாக்கி

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தால், நம் ஊர் டீக்கடையிலும் இரண்டு நாளைக்கு அதே பேச்சுதான். "அங்க துப்பாக்கியக் கடையில வச்சே விக்கிறாங்களாமே" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "தடை பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே" என்பார் இன்னொருவர். மூன்றாம் நாள் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும்.

நான் சமூக மருத்துவம் கற்பித்தவன். ஓர் ஊரில் எத்தனை பேர் இறந்தார்கள், எதனால் இறந்தார்கள், எங்கே வைத்து இறந்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பது எங்கள் துறையின் வேலை. உற்சாகமான வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கைப் பார்த்துப் பழகியவனுக்கு அமெரிக்கத் துப்பாக்கி விவாதம் வேறு மாதிரி தெரியும். இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். அதையே சுற்றிச் சுற்றிச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விவாதம் முழுக்க வாசலில் வந்து நிற்கும் முன்பின் தெரியாத திருடனைப் பற்றியே நடக்கிறது. துப்பாக்கியால் செத்தவர்களில் பெரும்பகுதியினர் அந்தத் திருடன் கையால் சாகவில்லை.

2023-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். இதில் தற்கொலை எத்தனை, கொலை எத்தனை என்று உங்களுக்குள் ஒரு ஊகம் செய்து பாருங்கள். நான் வகுப்பில் கேட்டால் மாணவர்கள் பெரும்பாலும் முக்கால்வாசி கொலை என்பார்கள். தற்கொலை 27,300. கொலை ஏறக்குறைய 17,900. எண்களை எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம். பத்துப் பேரில் கிட்டத்தட்ட ஆறு பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள் என்பது மட்டும் மனதில் இருக்கட்டும். நாம் தொலைக்காட்சியில் பார்த்துப் பதறுகிற கூட்டக்கொலைகள், எந்த விதமாக எண்ணினாலும், இந்தத் தொகையில் மிகச் சிறிய பங்குதான்.

கொலைகளில் கணிசமானவை சில நகரங்களின் சில தெருக்களில், பெரும்பாலும் கறுப்பின இளைஞர்களுக்கு நேர்பவை. அதற்குப் பின்னால் வறுமை, போதைப்பொருள் வியாபாரம், போலீஸ் மேல் நம்பிக்கையின்மை எல்லாம் இருக்கின்றன. அதற்குத் தனியாக ஓர் உரை வேண்டும். இன்றைக்கு அந்தப் பக்கம் போகவில்லை.

துப்பாக்கி வைத்திருப்பவர்களை வெறியர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் வயது வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர் சொந்தமாகத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகளின் எண்ணிக்கை அந்நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகம். மொண்டானா மாதிரி மாநிலத்தில் பக்கத்து வீடே பல மைல் தள்ளி இருக்கும். போலீஸைக் கூப்பிட்டால் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும், சொல்லுங்கள். அப்புறம் கொலராடோவில் காஸில் ராக் என்று ஓர் ஊர். 1999-இல் அங்கே ஒரு தாய், பிரிந்து போன கணவன் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான், நீதிமன்றத் தடை உத்தரவு என் கையில் இருக்கிறது என்று போலீஸிடம் மாலையிலிருந்து நள்ளிரவு தாண்டியும் முறையிட்டுக்கொண்டே இருந்தார். போலீஸ் அசையவில்லை. மூன்று பெண் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தத் தடை உத்தரவைப் போலீஸ் நிறைவேற்றியே ஆக வேண்டும் என்று கேட்கும் அரசியல் சாசன உரிமை அவருக்கு இல்லை என்று 2005-இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பைப் படித்த ஒரு பெண், என்னை நானே காத்துக்கொள்கிறேன் என்று துப்பாக்கிக் கடைக்குப் போனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

என் தங்கை மகன் டெக்சாஸில் இருக்கிறான். 2021 செப்டம்பர் முதல் அந்த மாநிலத்தில் 21 வயது ஆனவர், சட்டத் தடை எதுவும் இல்லாவிட்டால், உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைவீதிக்குப் போகலாம். அவன் ஒருநாள் போனில், "மாமா, தெருவுல எல்லார் வீட்டுலயும் இருக்கு, நானும் ஒண்ணு வாங்கலாமான்னு பாக்குறேன்" என்றான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற வயதும் இல்லை. "உங்க வீட்டுல யாருக்கு ஆபத்துன்னு முதல்ல பாத்துட்டு வாங்குடா" என்று மட்டும் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? அவன் மனதில் இருந்தவன் திருடன்.

யாருக்கு ஆபத்து என்று முறையாகத் தேடியவர்களில் முக்கியமானவர் ஆர்தர் கெல்லர்மன் என்ற அவசர சிகிச்சை மருத்துவர். மூன்று மாவட்டங்களில் வீட்டுக்குள் நடந்த கொலைகளை எடுத்துக்கொண்டார். அதே வட்டாரத்தில், அதே வயது, அதே பாலினம், அதே இனம், ஆனால் கொலை நடக்காத வீட்டு ஆள் ஒருவரை ஒவ்வொருவருக்கும் இணையாக வைத்து ஒப்பிட்டார். 1993-இல் முடிவு வெளியானது. துப்பாக்கி இருக்கும் வீட்டில் கொலை நடக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 2.7 மடங்கு. கொன்றவர்கள் பெரும்பாலும் குடும்பத்தினர் அல்லது தெரிந்தவர்கள்.

எதிர்ப்பு கிளம்பியது. "ஆபத்தில் இருப்பவன்தானே துப்பாக்கி வாங்குவான்? துப்பாக்கியால் ஆபத்தா, ஆபத்தால் துப்பாக்கியா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இந்த மாதிரிக் கேள்விக்கு விடை இன்னும் பெரிய ஆய்வு. ஆனால் நடந்தது வேறு. இங்கேதான் எனக்குப் பிடித்த கதை வருகிறது. என் மாணவர்கள் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள். நீங்கள் முதல் தடவையாகக் கேட்பவர்களாக இருப்பீர்கள் என்று நம்பி விரிவாகவே சொல்கிறேன்.

ஜே டிக்கி என்று ஒருவர். ஆர்கன்சா மாநிலத்துக் குடியரசுக் கட்சிக்காரர், நாடாளுமன்ற உறுப்பினர், துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் ஆயுட்கால உறுப்பினர். அந்தச் சங்கம் நாடாளுமன்றத்தில் நம்பியிருந்த முக்கியமான ஆள். எதிரில் மார்க் ரோசன்பர்க் என்ற மருத்துவர். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் காயங்களைத் தடுக்கும் பிரிவுக்குத் தலைவர். கெல்லர்மன் ஆய்வுக்குப் பணம் கொடுத்ததும் அந்தப் பிரிவுதான். 1996-இல் டிக்கி ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மையத்தின் காயத் தடுப்பு நிதியைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை வலியுறுத்தவோ ஊக்குவிக்கவோ செலவிடக் கூடாது என்றது அது. ஆய்வு செய்யாதே என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் கூடவே அந்தப் பிரிவின் நிதியிலிருந்து 26 லட்சம் டாலரைப் பிடுங்கி வேறு வேலைக்கு ஒதுக்கினார்கள். முந்தைய வருடம் துப்பாக்கி ஆய்வுக்குச் செலவிட்ட அதே தொகை. புரிந்துகொள்ள வேண்டியவர்களுக்குப் புரிந்துவிட்டது. அதிகாரிகள் துப்பாக்கி என்ற பேச்சையே எடுக்க அஞ்சினார்கள். 1999-இல் ரோசன்பர்க் அந்த மையத்தை விட்டு வெளியேறினார்.

இரண்டு பேரும் ஜென்ம விரோதிகளாகத்தானே இருக்க வேண்டும்? நாடாளுமன்ற விசாரணை முடிந்த பிறகு ஒரு தடவை தனியாகச் சந்தித்துப் பேசினார்கள். பேச்சு துப்பாக்கியில் ஆரம்பிக்கவில்லை. பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் தொடர்பு விடவில்லை. வருடங்கள் போகப் போக நண்பர்கள் ஆனார்கள். துப்பாக்கி உரிமையைக் காப்பதும் துப்பாக்கிச் சாவைக் குறைப்பதும் ஒன்றுக்கொன்று எதிரல்ல என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 2012 ஜூலையில் கொலராடோவின் அரோரா நகரத் திரையரங்கில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரே வாரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து வாஷிங்டன் போஸ்ட்டில் கட்டுரை எழுதினார்கள், துப்பாக்கிச் சாவுகளைப் பற்றி ஆய்வு நடக்க வேண்டும் என்று. பணத்தை நிறுத்தியவரும் பறிகொடுத்தவரும் ஒரே கட்டுரைக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

அதில் அவர்கள் சுட்டிக்காட்டியது சாலை விபத்தை. நமக்கும் நன்றாகப் புரிகிற விஷயம். விபத்தில் ஆட்கள் சாகிறார்கள் என்பதற்காக யாரும் மோட்டார் சைக்கிளைத் தடை செய்யவில்லை. ஹெல்மெட் வந்தது, சீட் பெல்ட் வந்தது, நெடுஞ்சாலைக்கு நடுவே தடுப்பு வந்தது. எது பலன் தருகிறது என்று எண்ணிப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்தார்கள். துப்பாக்கிக்கும் அப்படிச் செய்வோம் என்றார்கள். டிக்கி 2017-இல் காலமானார். ஆய்வுக்கு மறுபடியும் இரண்டரைக் கோடி டாலர் ஒதுக்கியது 2019 டிசம்பரில். இருபது வருடத்துக்கு மேல் வீண்.

அந்த இடைவெளியில் என்ன ஆனது என்றால், அவரவர் கையில் கிடைத்த எண்ணை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். வருடத்துக்கு 25 லட்சம் தடவை அமெரிக்கர்கள் துப்பாக்கியால் தற்காத்துக்கொள்கிறார்கள் என்று ஓர் எண்ணை அடிக்கடி கேட்பீர்கள். 1995-இல் வந்த ஒரு தொலைபேசிக் கணக்கெடுப்பிலிருந்து பிறந்தது. சுமார் 5,000 பேரைக் கேட்டார்கள். அந்த ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தினேன் என்றவர்கள் நூற்றுக்கு ஒன்றரைப் பேர்கூட இல்லை. அதை நாடு முழுவதற்கும் பெருக்கினார்கள். இவ்வளவு சிறிய பங்கில் சில பேர் தப்பாகச் சொன்னாலே போதும், பெருக்கினால் லட்சக்கணக்கில் எகிறிவிடும். அரசு நடத்தும் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பில் இதே விஷயம் வருடத்துக்கு ஒரு லட்சத்தை ஒட்டித்தான் வருகிறது. ஒரு லட்சமும் சின்ன எண் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரிய ஆய்வு கடைசியில் கலிபோர்னியாவில் வந்தது. அங்கே கைத்துப்பாக்கி விற்பனை அரசுப் பதிவேட்டில் இருக்கிறது. 2 கோடியே 60 லட்சம் பேரைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தார்கள். கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் தங்களைச் சுட்டுக்கொண்டு சாகும் வாய்ப்பு, இல்லாத ஆண்களைவிட 8 மடங்கு. பெண்களுக்கு 35 மடங்கு. இது 2020. இரண்டு வருடம் கழித்து, தான் வாங்காமல், வாங்கியவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களைப் பார்த்தார்கள். அவர்கள் தங்கள் வீட்டிலேயே வாழ்க்கைத் துணையால் சுட்டுக் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்கு. அப்படி இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நான் முதலில் சொன்னதுதான் மறுபடியும். திருடனுக்காக வாங்கிய துப்பாக்கி, திருடன் வராத நாளிலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

"சாக நினைத்தவன் எப்படியும் சாவான்" என்று சொல்வார்கள். நம் ஊரிலும் சொல்வார்கள், படித்தவர்களும் சொல்வார்கள். இது தப்பு. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் சாவதில்லை. அந்த நேரம் கடந்துபோகிறது. ஆனால் துப்பாக்கி அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. இஸ்ரேல் ராணுவத்தில் 2006-இல் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். வார இறுதியில் வீட்டுக்குப் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். வீரர்களின் தற்கொலை 40 சதவீதம் குறைந்தது. அதற்குப் பதிலாக வார நாட்களில் அதிகரிக்கவும் இல்லை. இலங்கையில் 1990-களின் நடுவில் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 வரை போயிருந்தது, உலகத்திலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. மிகக் கொடிய பூச்சிக்கொல்லி மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 2005-க்குள் விகிதம் பாதியானது. அந்தப் பத்து வருடத்தில் போரும் துக்கமும் வறுமையும் எங்கேயும் போய்விடவில்லை. கைக்கு எட்டிய பொருள்தான் மாறியது.

கடிகாரத்தைப் பார்க்கிறேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றிப் பேச ஒரு தாள் வைத்திருந்தேன். 1878-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டம், 1959-இல் நாம் எழுதிய சட்டம், குடகு மக்களுக்கு உரிமத்திலிருந்து விலக்கு, தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கும் வழக்கம் எல்லாம் அதில் இருக்கின்றன. இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாகத் தெரிந்தால் அவருடைய துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைக்கும் சட்டம் அமெரிக்காவில் முதலில் கனெக்டிகட்டில் 1999-இல் வந்தது. 2018-இல் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட பிறகு ஃபுளோரிடாவிலும் வந்தது. கையெழுத்துப் போட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர். பல மாநிலங்களில் நீதிமன்றத்தில் அப்படிக் கேட்கும் உரிமை குடும்பத்தினருக்கும் உண்டு. துப்பாக்கியைப் பூட்டி, தோட்டாவை வேறு இடத்தில் பூட்டி வைப்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் நேயர்கள் இந்த இரண்டையும் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாருக்காவது இந்தப் பேச்சு மனதைக் கனக்கச் செய்திருந்தால், அரசின் டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள். வணக்கம்.