பையன் யூரோப்புல விலை போனா, சாட்ஸ்வர்த் கிளப்புக்கு 20 லட்சம் ராண்டா?

[திரையில்: சனிக்கிழமை காலை, டர்பன் சாட்ஸ்வர்த் மைதானம்]

உங்க ஏரியாப் பையனை ஒரு ஐரோப்பிய கிளப் பக்கத்து நாட்டு கிளப்புக்கு 1 கோடி யூரோவுக்கு விக்குது. பன்னிரண்டு வயசுல அவனுக்குப் பந்து கொடுத்து, இடைவேளையில ஆரஞ்சு நறுக்கிக் கொடுத்த உள்ளூர் கிளப்புக்கும் அதுல பங்கு இருக்கு. யாரும் போடுற பிச்சை இல்லீங்க, ஃபிஃபா விதி!

வணக்கம் டர்பன், வணக்கம் ஃபீனிக்ஸ்! 1996-97ல பிஎஸ்எல், அதாவது தென்னாப்பிரிக்க பிரீமியர் லீக்கோட முதல் பட்டத்தை அடிச்ச மேனிங் ரேஞ்சர்ஸ் நம்ம டர்பன் டீம்தான். அதனால "நம்ம பக்கம் யாரு விளையாடுறா"ன்னு ஆரம்பிக்காதீங்க.

முதல்ல சட்டத்தை வேகமா முடிச்சிடுறேன். 18 வயசுக்கு முன்னாடி நாடு மாறி ஆட, சில விலக்கு தவிர, அனுமதி இல்லை. அப்புறம் புது நாட்டுச் சங்கம் சாஃபாகிட்ட (தென்னாப்பிரிக்கக் கால்பந்துச் சங்கம்) ஐடிசி, அதாவது சர்வதேச மாற்றச் சான்றிதழ் வாங்கணும். அவ்வளவுதான். காசுக்கு வருவோம்.

மாற்றுத் தொகையில, அதாவது பையனை வாங்குற கிளப் விக்கிற கிளப்புக்குக் கொடுக்கிற காசுல, 5% பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்கு. 12லேர்ந்து 15 வயசு வரைக்கும் வருஷத்துக்கு 0.25%, 16லேர்ந்து 23 வரைக்கும் வருஷத்துக்கு 0.5%. கூட்டிப் பாருங்க, சரியா 5 வரும். முதல் நாலு வருஷமும் உங்ககிட்ட ஆடியிருந்தா 1%, அதாவது 1 லட்சம் யூரோ. யூரோவுக்கு 20 ராண்ட்னு வச்சா 20 லட்சம் ராண்ட். டீமுக்கு மட்டும் இல்ல, தெருவுக்கே ரொட்டிக்குள்ள கறி ஊத்துற மட்டன் பன்னி சௌ!

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. ஜோஹானஸ்பர்க் வெஸ்ட்பரி பையன் ஸ்டீவன் பீனார் 2011 ஜனவரியில எவர்ட்டன்லேர்ந்து டாட்டன்ஹாமுக்குப் போனார். ரெண்டுமே இங்கிலாந்து கிளப். அப்போ நாடு விட்டு நாடு போனாதான் இந்தப் பங்கு, அதனால அந்த மாற்றத்துல தென்னாப்பிரிக்க கிளப்புக்குப் பூஜ்யம். 2020 ஜூலை 1லேர்ந்து, பயிற்சி கொடுத்த கிளப் வேற நாட்டுல இருந்தா உள்நாட்டு மாற்றத்துக்கும் உண்டு. ஃபிஃபாவைத் திட்டுறவன்தான் நான், ஆனா இதுக்கு ஒரு சல்யூட்.

சரி, காசு எங்க மாட்டுது? 2022 நவம்பர்லேர்ந்து இந்தப் பங்கைப் பிரிச்சு அனுப்புற ஃபிஃபா கிளியரிங் ஹவுஸ் வழியாதான் பணம் வருது. பையன் எந்த வருஷம் எந்த கிளப்புல இருந்தான்னு சங்கத்தோட பதிவுல இருக்கிறதை வச்சு 'வீரர் பாஸ்போர்ட்' தயாராகும். கோச்சோட நோட்டுப் புத்தகம் செல்லாது, சாஃபாவோட பதிவுத் தளமான மைசாஃபாவுல ஏறியிருக்கணும். 13 வயசுப் பையனை அண்ணன் பேருல இறக்கி கோப்பை ஜெயிச்சீங்களா? பாஸ்போர்ட்டுல அந்த வருஷம் அண்ணனுக்குப் போயிடும், உங்க 0.25%மும் கூடவே போயிடும். பாஸ்போர்ட்டைப் பரிசீலனைக்குத் திறக்கிறப்ப விட்டுப்போனதைத் திருத்தக் கேக்கலாம், ஆனா அதுக்கு நாள் கணக்கு உண்டு. சாஃபா மின்னஞ்சலைப் பாக்காத செயலாளரை மாத்திடுங்க. கிளப் பேருல வங்கிக் கணக்கும் வேணும், தலைவர் பேருல இருந்தா சிக்கல். கிளப்பே கலைஞ்சு போயிருந்தா அந்தப் பங்கை இளைஞர் கால்பந்துக்காகச் சங்கம் கேட்டு வாங்கலாம்.

ஒப்பந்தம் முடிஞ்சு சும்மா போனா மாற்றுத் தொகையே இல்லை, பங்கும் இல்லை.

வீட்டுல இருக்கிறவங்களுக்கு ரெண்டே வார்த்தை. வெளிநாட்டு கிளப் ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி வச்சா, எழுத்துல 15 நாள் கெடு கொடுத்துட்டு ஒப்பந்தத்தை முறிக்கலாம். "டிரையலுக்கு முன்பணம் கட்டுங்க"ன்னு ஏஜென்ட் வந்தா, டீ கொடுங்க, காசு கொடுக்காதீங்க. அவர் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஃபிஃபா உரிமம் இருக்கான்னு ஃபிஃபா தளத்துல தேடிடலாம்.

உங்க கிளப்புல பதிவு வேலை யார் பாக்குறாங்க? அவங்களை கமெண்ட்ல டேக் பண்ணுங்க.