போன் அடிச்சா நெஞ்சும் அடிக்குதுங்களா?

வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி ஆபீசுன்னு வெச்சுக்குங்க. போன் அடிக்குது. சரக்கு வாங்கற பையர், சாம்பிள் என்னைக்கு வரும்னு கேக்கப் போறாரு, அவ்வளவுதானுங்க. ஆர்டரைக் கவனிச்சுக்கற மெர்ச்சண்டைசர் பொண்ணுக்கு உள்ளங்கை வேர்த்துப் போச்சு. எடுக்கல. "மெயில் போட்டுக்கலாம்." மணி நின்னதும் அப்பாடான்னு இருக்குதுங்க.

அந்த அப்பாடாவைத்தான் கவனிக்கோணும். எடுக்காததாலதான் தப்பிச்சோம்னு மனசு பதிஞ்சு வெச்சுக்குது. அடுத்த தடவை பயம் இன்னும் பெருசா வரும். தள்ளிப் போடறதுதானுங்க பயத்துக்குத் தீனி. இதைச் சோம்பல்னு திட்டறவங்க, தயவுசெஞ்சு திட்டாதீங்க.

ஒரு காகிதம் எடுத்துக்குங்க. எந்தப் போனுக்கு எவ்வளவு பயம், பூஜ்யத்துல இருந்து நூறுக்குள்ள மார்க் போடுங்க. பக்கத்து ரூம்ல இருக்கறவங்களைக் கூப்பிடறது 20. லாரி ஆபீஸ்ல சரக்கு வந்துதான்னு விசாரிக்கறது 40. துணி ஏன் இன்னும் வரலைன்னு சாயம் போடற டையிங்காரங்களைக் கேக்கறது 60. எல்லாரும் கேட்டுட்டிருக்கப்ப பையர்கிட்டப் பேசறது 90. முப்பது, நாப்பதுல ஆரம்பிங்க. நேரா 90க்குத் தாவினா பாதியில விட்டுருவீங்க, பயம் ஜெயிச்சுரும்.

முக்கியமா ஒண்ணுங்க. பயம் ஏறும், உச்சிக்குப் போகும், விட்டு ஓடாம நின்னா தானா இறங்கும். ஆனா ரெண்டு நிமிஷத்துப் போன்ல அது இறங்க நேரம் பத்தாது. அதனால ஒரே மாதிரி போன் அடுத்தடுத்து நாலஞ்சு பேசோணும். மார்க் பாதியா குறையற வரைக்கும் தினமும் அதே படிதான். அப்புறம் மேல போங்க. பேசறதை வரி வரியா எழுதி வெச்சுப் படிக்கறது, பக்கத்துல ஆள் நிறுத்திக்கறது, இதெல்லாம் ஊன்றுகோல். மெல்ல மெல்ல விட்ருங்க. இல்லீன்னா "சீட்டு இருந்துது, தப்பிச்சேன்"னு மனசு மறுபடியும் அதே கணக்கைத்தான் எழுதும். தள்ளிப் போட்ட மாதிரியே தானுங்க அதுவும்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நேரம் ஆச்சுன்னு கை காட்டறாங்க. இதை மட்டும் சொல்லிடறேன். தையல்ல ஊசி ஏறி, ரத்தத்தைப் பார்த்தாலே மயங்கறவங்களுக்கு வழி வேறைங்க. அவங்களுக்கு ரத்த அழுத்தம் திடீர்னு இறங்குது, அதனால உடம்பைத் தளர்த்தக் கூடாது. கை, கால், வயிறு மூணையும் பத்துப் பதினஞ்சு செகண்ட் முறுக்கிப் பிடிங்க. அரை நிமிஷம் விடுங்க. அஞ்சு தடவை.

போன் பயத்தால ஆறு மாசமா வேலையே கெடுதுன்னா 14416, டெலிமானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி நம்பர். தமிழ்லயே பேசலாம், காசில்லீங்க. அந்த நம்பருக்குக் கூப்பிடறதையே முதல் படியா வெச்சுக்குங்க.