முடிந்துவிட்டது என்று உடம்புக்கு எப்போது தெரியும்?

வணக்கம் நேயர்களே.

"நடந்தது நடந்துபோச்சு, மறந்துடு." பெரிய விபத்தில் தப்பியவரிடமும், வன்முறைக்கு ஆளானவரிடமும், கண்ணெதிரே ஒருவரைப் பறிகொடுத்தவரிடமும் சுற்றியிருப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் நடந்தது நடந்துபோனதாக உடம்புக்கு இன்னும் தெரியவில்லையே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. விபத்து நடந்து ஆறு மாதமாயிற்று என்று அறிவுக்குத் தெரியும். ஆனால் பின்னால் ஒரு வண்டி கிறீச்சென்று பிரேக் போட்டதும் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, கால் நகர மறுக்கிறது. அந்த நொடியில் அவருக்கு அது நினைவாக வருவதில்லை. மறுபடி நடக்கிறது.

மூளைக்குள் இதற்கொரு விளக்கம் உண்டு. ஆபத்தை மோப்பம் பிடித்து எச்சரிக்கை மணி அடிக்கும் பகுதிக்கு அமிக்டலா என்று பெயர். நிகழ்ச்சிக்கு இடமும் காலமும் சேர்த்து, "இது அன்று, அங்கே நடந்தது" என்று அடுக்கி வைப்பதில் ஹிப்போகாம்பஸுக்கு முக்கியப் பங்கு உண்டு. மணியை அடக்கி, "இப்போது ஆபத்தில்லை" என்று சொல்ல வேண்டியது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி. உயிர்பயத்தில் மணி உச்சத்தில் அடிக்கும்போது, அடுக்கி வைக்கும் வேலை ஒழுங்காக நடப்பதில்லை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரு வாசனை, ஒரு சத்தம், ஒரு சட்டையின் நிறம் என நினைவு துண்டு துண்டாக, தேதி ஒட்டாமல் தங்கிவிடுகிறது. தேதி இல்லாத நினைவு எப்போது வந்தாலும் நிகழ்காலமாகவே வருகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர மனமில்லை. ஆபத்தில் உடம்பு எதிர்த்து நிற்கும், அல்லது ஓடும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: உறைந்துபோவது. குரல் எழும்பாது, கை கால் அசையாது. இது யாரும் யோசித்து எடுக்கும் முடிவு இல்லை; தன்னிச்சையாக நடப்பது. "ஏன் கத்தவில்லை? ஏன் தள்ளிவிட்டு ஓடவில்லை?" என்ற கேள்வி, பாதிக்கப்பட்டவரை அந்த நிகழ்ச்சிக்கு அடுத்தபடியாக வதைப்பது. வெளியிலிருந்து யாராவது கேட்டால் மட்டுமில்லை, தனக்குள்ளே அவரே கேட்டுக்கொண்டாலும்தான். உடம்பு ஏன் உறைந்தது என்பதை விளக்கமாகப் புரிந்துகொண்டதுமே பலருக்குப் பாதிப் பாரம் இறங்குகிறது.

அதிர்ச்சிக்கு ஆளானவர்கள் எல்லோரும் நோயாளி ஆவதில்லை. உலக மக்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் வாழ்நாளில் ஒருமுறையாவது இத்தகைய நிகழ்ச்சியைச் சந்திக்கிறார்கள், அவர்களில் 5.6 சதவீதத்தினருக்குத்தான் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் சில வாரங்கள் தூக்கம் கெடுவது, திடுக்கிடுவது, அழுவது, எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பது எல்லாம் எதிர்பார்க்கத் தக்கவையே. பெரும்பாலானவர்களுக்கு அவை தானாகத் தணியும். ஒரு மாதம் தாண்டியும் தணியாமல் அன்றாட வேலையை, உறவைக் குலைத்தால் நிபுணரிடம் போக வேண்டும். அப்போது அவர் நான்கு விஷயங்களைப் பார்ப்பார்: நினைவும் கெட்ட கனவும் அழையாமல் வருகின்றனவா, அவற்றை நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் தவிர்க்கிறாரா, "உலகமே மோசம், எல்லாம் என்னால்தான்" என்ற எண்ணம் வேரூன்றிவிட்டதா, உடம்பு எந்நேரமும் காவலில் நிற்கிறதா. 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இந்த நோய்க்கு இந்தப் பெயரில் இடம் கிடைத்தது. அதற்கு முன்பும் மனிதர்கள் இதே வேதனையைச் சுமந்தார்கள்; கோழைத்தனம் என்று பெயர் வாங்கிக்கொண்டு சுமந்தார்கள்.

முதல் நாட்களில் நல்லெண்ணத்தோடே இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, "எல்லாத்தையும் கொட்டிடு, மனசு லேசாகும்" என்று நிகழ்ச்சியை முழுக்கச் சொல்ல வைப்பது. பேரிடருக்குப் பிறகு அனைவரையும் உட்கார வைத்து ஒரே அமர்வில் விவரமாகப் பேச வைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது பிந்தைய நோயைத் தடுக்கவில்லை என்றும், சிலருக்குத் தீங்காகவும் ஆகலாம் என்றும் தெரிந்த பிறகு அது கைவிடப்பட்டது. அவராகப் பேச வந்தால் கேளுங்கள், தோண்டாதீர்கள். மற்றொன்று, தூங்கட்டுமே என்று டயஸிபாம் போன்ற மாத்திரைகளைக் கொடுப்பது. முதல் மாதத்தில் அதிர்ச்சி அறிகுறிகளுக்காக இந்த வகை மாத்திரைகளைத் தரக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013-ல் வழிகாட்டியது. அந்த நாட்களில் உதவுவது எளிய காரியங்கள்தான்: பத்திரமான இடம், தண்ணீர், சாப்பாடு, சொந்தக்காரர்களோடு தொடர்பு, அடுத்து என்ன நடக்கும் என்ற தெளிவான தகவல், பக்கத்தில் ஓர் ஆள்.

இந்த நோயை வளர்ப்பது எது என்று ஒரே சொல்லில் கேட்டால், தவிர்ப்பது என்பேன். விபத்து நடந்த சாலையை ஒருவர் தவிர்க்கிறார். தவிர்த்ததும் மனசுக்கு ஆறுதல் வருகிறது. அந்த ஆறுதலிலிருந்து மூளை ஒரு பாடம் படிக்கிறது: "போகாததால்தான் பிழைத்தோம்." அடுத்த மாதம் அந்தச் சாலை மட்டும் இல்லை, வண்டியே வேண்டாம். பிறகு இரவில் வெளியே போவது வேண்டாம், கூட்டம் வேண்டாம். வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். போனாலும் ஆபத்து நேரவில்லை என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு மூளைக்குக் கிடைப்பதே இல்லை. சிலருடைய தவிர்ப்பு வெளியே தெரியாது. சாலையில் போவார், ஆனால் கைப்பிடியை இறுகப் பற்றி, பக்கத்தில் துணை வைத்து, மனதில் எண்களை எண்ணிக்கொண்டு போவார். போய் வந்தும் பயம் குறையவில்லையே என்பார். அந்தப் பிடிமானங்களால்தான் தப்பித்தோம் என்று மூளை கணக்கு வைத்திருப்பதால் குறையவில்லை.

அதற்காக நாளைக்கே போய் அந்த இடத்தில் நிற்க வேண்டியதில்லை. வரிசை முக்கியம். அடிக்கிறவரோடு இன்னும் ஒரே வீட்டில் இருப்பவருக்கு அந்தப் பயம் நோயாகாது, அது சரியான எச்சரிக்கை. அவருக்கு முதல் சிகிச்சை பாதுகாப்பு. பாதுகாப்புக்கு அடுத்தது, பொங்கி வரும் உணர்ச்சியில் மூழ்காமல் நிற்கப் பழகுவது. நினைவை எதிர்கொள்வது அதற்கும் பிறகு. சிறுவயதில் ஆண்டுக்கணக்காகக் கொடுமை அனுபவித்தவர்களுக்கு இந்த நடுப்படி நீளும்.

அந்த நடுப்படிக்கு வீட்டிலேயே பழகக்கூடிய ஒன்று. நினைவு வந்து அடிக்கும்போது கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்துங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள்களைப் பெயர் சொல்லுங்கள், தொட்டு உணரும் நான்கு, கேட்கும் மூன்று, முகரும் இரண்டு, சுவைக்கும் ஒன்று. வாய்விட்டு இன்றைய தேதியையும் இருக்கும் இடத்தையும் சொல்லுங்கள். தேதி ஒட்டாத நினைவுக்குத் தேதி ஒட்டும் வேலை அது. மூச்சுப் பயிற்சி செய்வதானால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள்; வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு இறங்கும். சிலருக்குக் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பதே பீதியைக் கிளப்பும், குறிப்பாக மூச்சுமுட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு. அவர்கள் மூச்சை விட்டுவிட்டு, பாதத்தையும் பார்வையையும் பிடித்துக்கொண்டால் போதும். அமைதியான நேரத்தில் தினம் பழகினால்தான் நெருக்கடியில் கைகொடுக்கும். நெருக்கடியில் முதல்முறையாக முயன்றுவிட்டு, "எனக்கு இது வேலை செய்யாது" என்று விட்டுவிடுபவர்கள் நிறைய.

நினைவை எதிர்கொள்ளும் சிகிச்சையைப் பயிற்சி பெற்ற உளவியலாளரோடுதான் செய்ய வேண்டும். ஒரு முறையில், பயப்படும் சூழல்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பய மதிப்பெண் போடுவார்கள். பொதுவாக நாற்பது, ஐம்பதில் இருப்பதில் தொடங்குவார்கள். அங்கே போய்ப் பயம் கணிசமாக இறங்கும்வரை, பெரும்பாலும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம், இருக்க வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது கிளம்பி வந்துவிட்டால், "தப்பித்தோம்" என்ற பழைய பாடமே மறுபடி பதியும். கூடவே நடந்ததை நிகழ்காலத்தில் விவரித்து, ஒலிப்பதிவு செய்து, வீட்டில் தினமும் கேட்பதும் உண்டு. ஏறத்தாழ 90 நிமிட அமர்வுகள் 8 முதல் 15 வரை தேவைப்படும். இடையில் சில நாள் அறிகுறிகள் கூடுவது போலத் தோன்றும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

இன்னொரு முறையில் வழக்கமாக 12 அமர்வுகள். "நான் அன்று போயிருக்காவிட்டால்" என்பது போல மனம் மாட்டிக்கொண்ட எண்ணங்களை எழுதி, ஆதாரம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பார்கள். அன்று தெரியாத ஒன்றை இன்று தெரிந்துகொண்டு அன்றைய நம்மைத் தண்டிக்கிறோம் என்பது பலருக்கு அப்போதுதான் பிடிபடும். நினைவை மனதில் நிறுத்தியபடி கண்களை இடவலமாக அசைக்கும் சிகிச்சையும் பலன் தருவதாக அறியப்பட்டது. செர்ட்ரலின், பராக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் பலன் தரச் சில வாரம் பொறுக்க வேண்டும்; திடீரென நிறுத்தக்கூடாது.

திரும்பத் திரும்ப ஒரே கெட்ட கனவு வருகிறவர்களுக்கு ஒரு தனி வழி உண்டு. பகலில் அந்தக் கனவை எழுதி, அதன் போக்கை விருப்பப்படி மாற்றி, மாற்றிய கனவைத் தினம் 10 முதல் 20 நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. மாற்றம் நடைமுறைக்கு ஒத்து வர வேண்டும் என்றில்லை. பூட்டியிருந்த கதவு திறந்துகொள்ளலாம்.

தேறிவரும் பாதை நேராக இருக்காது. நிகழ்ச்சி நடந்த தேதி நெருங்கும் வாரத்தில் பழைய அறிகுறிகள் தலைகாட்டும். நாட்காட்டியில் முன்பே குறித்து வைத்து, அந்த வாரத்தில் வேலைகளைக் குறைத்து, துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தாலோ, வலியை மறக்க மது கூடிக்கொண்டே போனாலோ காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் ஒருவர் நடுஇரவில் அலறி எழுந்தால் என்ன செய்வது என்று குடும்பத்தார் பலர் கேட்கிறார்கள். சட்டென்று தொட்டு உலுக்காதீர்கள்; அந்தக் கை அவருக்குப் பழைய கையாகத் தெரியலாம். எட்ட நின்று விளக்கைப் போடுங்கள். அவர் பெயரைச் சொல்லுங்கள், உங்கள் பெயரைச் சொல்லுங்கள். எங்கே இருக்கிறோம், இன்று என்ன கிழமை என்று நிதானமாகச் சொல்லுங்கள். தொடலாமா என்று கேட்டுவிட்டுக் கையைப் பிடியுங்கள். கனவில் என்ன வந்தது என்று அப்போது கேட்க வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் கொடுத்து, அவர் மூச்சு சீராகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

நன்றி, வணக்கம்.