சில நூறு வெள்ளிக்கு சர்வர்! வாங்கும் முன் கரண்டு பில்லைப் பாருங்கள்

[பழைய ரேக் சர்வர் ஓடும் சத்தம்]

வணக்கம் மக்களே! இந்தச் சத்தத்தோடு நாள் முழுக்க உட்கார்ந்து கணக்கு எழுத முடியுமா? இது டெல் பவர்எட்ஜ் ஆர்710 சர்வர், அதாவது ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான கோப்புகளை வைத்திருக்கும் பெட்டி. 2009இல் வந்த மாடல். இரண்டு ஸியான் (இன்டெலின் சர்வர் ரகம்) பிராசசர், மெமரி சொருக 18 இடம். பழைய சாமான் விலையில் கிடைக்கிறது, பார்த்ததும் கை அரிக்கும். வாங்காதீர்கள்!

நம் கதைக்கு மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடி அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். செம்பனைக் குலை லாரிகளின் கணக்கு, ஆட்களின் சம்பளம், இ-இன்வாய்ஸ். ஆறு கம்ப்யூட்டர்களிலும் ஒரே கணக்கு திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

[திரையில் கால்குலேட்டர்]

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. இப்படிப்பட்ட பழைய சர்வர் சும்மா இருக்கும்போதே சுமார் 150 வாட் இழுக்கும். சும்மா என்றால், தீபாவளி லீவில் ஆபீஸ் பூட்டிக் கிடக்கும்போதும்! வருடத்துக்கு 8,760 மணி நேரம். பெருக்கினால் 1,314 யூனிட். யூனிட் 50 சென் என்று வைத்தால் 657 வெள்ளி. இழுத்த கரண்டு அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். அதைத் தணிக்க ஏர்கான், அதற்குத் தனி பில். மலிவாக வாங்கிய முதலாளி மாதாமாதம் தவணை கட்டுகிறார், அவருக்கே தெரியாமல்!

சரி, எதை வாங்கலாம்? பெரிய கம்பெனிகள் பயன்படுத்திவிட்டு விற்கும் மினி பிசி. லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி. மொத்தப் பெட்டியும் ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளளவுதான். உள்ளே இன்டெல் ஐ5-8500டி பிராசசர் இருந்தால் ஆறு கோர், ஒவ்வொன்றும் அந்தப் பழைய ஸியான் கோரைவிட வேகம். சும்மா இருக்கும்போது 15 வாட் என்றே தாராளமாக வைப்போம். வருடத்துக்கு 131 யூனிட், 66 வெள்ளி. மிச்சம் 591 வெள்ளி! இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குஷி. லைக் போடாதவர்கள் இப்போதாவது போடுங்கள்.

குறையும் உண்டு. பெரும்பாலான மாடல்களில் இரண்டு டிஸ்க்தான் போட முடியும், பிழை திருத்தும் ஈசிசி மெமரி இருக்காது. ஐம்பது பேர் வேலை செய்யும் ஆபீஸ் என்றால் புது டவர் சர்வருக்கே போங்கள்.

இரண்டு எஸ்எஸ்டி டிஸ்கை மிரர் செய்தால், அதாவது ஒன்றில் எழுதுவது மற்றதிலும் உடனே பதியும்படி வைத்தால், பேக்கப் ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். கிராணி அக்கா தவறி ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அழியும். வெளியே ஒரு டிஸ்கில் பிரதி எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். வருமானவரிக் கணக்கை 7 வருடம் வைத்திருக்க வேண்டிய நாடு இது.

அப்புறம் இடி. பேராவில் சாயங்கால மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? கரண்டு போனாலும் பேட்டரியில் தாங்கும் யூபிஎஸ் கட்டாயம் வேண்டும். ஆனால் பலர் மறப்பது கம்ப்யூட்டர்களை இணைக்கும் லேன் கேபிளை. பின்னால் இருக்கும் ஸ்டோருக்குச் செம்புக் கம்பி இழுத்திருந்தால், மின்னல் அந்த வழியாகவும் உள்ளே வரும். அந்தத் துண்டுக்கு மட்டும் உலோகம் இல்லாத ஃபைபர் போடுங்கள், கண்ணாடியில் கரண்டு பாயாது.

யூபிஎஸ் பேட்டரி சாதாரணமாக 3 முதல் 5 வருடம் வரும், புழுக்கமான அறையில் இன்னும் குறைவு. உங்கள் ஆபீசில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? கமெண்டில் வருடத்தைப் போடுங்கள், பார்ப்போம்.